ஆணி இல்லாத மரம்

செவ்வாய்க்கிழமை காலையில் மூன்றாம் மரத்தின் தலை கீழே விழுந்தது.

காற்றும் இல்லை, மழையும் இல்லை. செவ்வந்தி வாய்க்கால் ஓரத்தில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தாள். மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், தென்னையின் கொண்டை முழுவதும் மட்டையும் பாளையும் குரும்பையுமாகத் தரையில் கிடந்தது. மரம் மட்டும் மொட்டையாக நின்றது. வீட்டு ஆட்டுக்குட்டி ஓடிவந்து, இன்றைக்கு விருந்து என்று நினைத்துக்கொண்டு ஓலையைக் கடிக்க ஆரம்பித்தது.

செவ்வந்தியின் வீட்டைச் சுற்றி ஆறு தென்னைகள். ஐந்து மரங்கள் தெருவோரம் வரிசையாக நின்றன. ஆறாவது மட்டும் பின்னால், ஆட்டுக் கொட்டகைக்கு அந்தப்பக்கம். முத்துப்பேட்டைப் பக்கத்தில் கஜா புயல் அடித்தபோது அவர்கள் வீட்டில் ஒரு மரம்கூட மிஞ்சவில்லை. அடுத்த வருடமே அப்பா இந்த ஆறு கன்றுகளையும் வைத்தார். வாய்க்காலிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி ஊற்றினார். கன்றுகள் அவர் உயரத்துக்கு வளர்ந்ததும் கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று மாலை வீடியோவில் வருவார். முதலில் செவ்வந்தியின் முகத்தைக் காட்டச் சொல்வார். பிறகு அம்மாவின் முகம். பிறகு மரங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறையும் அடியிலிருந்து நுனிவரை காட்ட வேண்டும். ஒரு மரத்தைச் சீக்கிரம் காட்டிவிட்டால், "மெதுவா காட்டும்மா" என்பார்.

இந்த வெள்ளிக்கிழமை என்ன காட்டுவது?

வீரையன் மாமா வந்து மொட்டை மரத்தை ஒரு சுற்று சுற்றினார். அவர் அம்மாவின் அண்ணன். பக்கத்துத் தெருவில் குடியிருந்தார். மரத்தில் இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மரங்கொத்திதான்" என்றார். "ஓட்டை போடுறது அதுதானே? அப்ப மரத்தைக் கொன்னதும் அதுதான். வேற யாரு?"

ஓட்டைகள் கண்ணெதிரே இருந்தன. மரங்கொத்தியும் தினமும் கண்ணெதிரே வந்தது.

மாமாவுக்கும் மரங்கொத்திக்கும் ஆடி மாதத்திலிருந்தே சண்டை. தலையில் சிவப்புக் கொண்டையும் முதுகில் தங்க மஞ்சளுமாக அது வந்து உட்கார்ந்தால், மாமாவுக்குக் கோபம் வந்துவிடும். முதலில் கவட்டையால் கல் எறிந்தார். கல் அவருடைய வண்டி விளக்கில் பட்டது. அடுத்து, பழைய சிடி தட்டுகளை நூலில் கட்டி மரத்தில் தொங்கவிட்டார். மரங்கொத்தி அதில் முகம் பார்த்துக்கொண்டது. கடைசியாக, ஒலிபெருக்கிக் குழாயைக் கொண்டுவந்து மரத்தில் கட்டிப் பாட்டுப் போட்டார். மரங்கொத்தி கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அந்த இரும்புக் குழாயின்மேலேயே உட்கார்ந்து, டர்ர்ர்ர் என்று தட்ட ஆரம்பித்தது. அன்று மாலைவரை தெருவே காதைப் பொத்திக்கொண்டிருந்தது.

"இனிமே விளையாட்டு கிடையாது" என்றார் மாமா. "ஞாயித்துக்கிழமை மரம் ஏறுற பக்கிரி வந்து மொட்டை மரத்தை வெட்டிருவான். நான் எண்ணெய் டின்னை எல்லாம் வெட்டித் தகரமாக்கிக் கொண்டாறேன். மிச்ச மரத்துக்கெல்லாம் சுத்திவரத் தகரம் அடிச்சிருவோம். மரத்துக்கு நாலு தகரம். தகரத்துக்கு எட்டு ஆணி. அப்புறம் எங்க கொத்துதுன்னு பாக்குறேன்."

அம்மா சரி என்றார்.

மாமாவுக்கு எந்த வேலைக்கும் ஆணிதான் மருந்து. பந்தல் போடுவது, சீரியல் விளக்கு கட்டுவது, பிளெக்ஸ் பேனர் வைப்பது எல்லாம் அவர் தொழில். இடுப்பில் எப்போதும் ஒரு சுத்தியல் இருக்கும். பேனர் காற்றில் கிழியாமல் இருக்க அவரிடம் ஒரு உபாயம் இருந்தது. சோடா பாட்டில் மூடியைத் தட்டையாக அடித்து, அதற்கு நடுவில் ஆணியை இறக்குவார். சுற்றுப்பட்டு ஊர்களில் எந்த மரத்திலாவது துருப்பிடித்த சோடா மூடி தெரிந்தால், அங்கே வீரையன் வேலை பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

செவ்வந்தி வீட்டுத் தென்னைகள் பேருந்து திரும்பும் முனையில் நின்றன. பேனர் வைக்க அதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாம் அந்த ஐந்து மரங்களில்தான் தொங்கின. போன வருடம் ஓவியப் போட்டியில் செவ்வந்திக்கு மூன்றாம் பரிசு கிடைத்தபோது, மாமா அவள் படத்தைப் போட்டு ஆளுயரப் பேனர் ஒன்றை மூன்றாம் மரத்தில் அடித்துவிட்டார். 'ஊரின் ஓவியமே, வாழ்க' என்று எழுதியிருந்தது. செவ்வந்தி மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

அவள் அப்படித்தான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் அவள் "உள்ளேன்" என்று சொல்வது பக்கத்தில் இருக்கும் தஹ்மீனாவுக்கு மட்டுமே கேட்கும். தஹ்மீனாதான் அவளுக்காக இன்னொரு முறை உரக்கச் சொல்வாள்.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் இரண்டு பேரும் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மரங்கொத்தி வந்தது. இரண்டாம் மரத்தில் ஒட்டிக்கொண்டு, ஏணியில் ஏறுவதுபோல் மேலே ஏறியது. ஓர் இடத்தில் நின்றது. கொத்தியது. பிறகு நான்காம் மரத்துக்குப் பறந்தது. மறுபடி இரண்டுக்கு வந்தது. கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஆறாம் மரத்துக்கு அது போகவே இல்லை.

"அந்தக் குருவிக்கு அறிவே இல்ல" என்றாள் தஹ்மீனா. "ஆறாம் மரத்துல நிழல் இருக்கு. உங்க மாமாவும் அந்தப் பக்கம் வரமாட்டாரு. நானா இருந்தா அங்கதான் குடியிருப்பேன்."

செவ்வந்தி எழுந்து போய் ஆறாம் மரத்தைப் பார்த்தாள். நல்ல பருத்த மரம். அதில் ஓர் ஓட்டைகூட இல்லை. ஆறும் ஒரே நாளில் வைத்த கன்றுகள். ஒரே வாய்க்கால் தண்ணீர் குடித்தவை. இதை மட்டும் ஏன் அது தொடவில்லை?

உள்ளே போய்ச் சுண்ணக்கட்டி எடுத்து வந்தாள். தெருவோர மரங்களில் மரங்கொத்தி போட்ட ஓட்டை ஒவ்வொன்றையும் சுற்றி இரண்டு பேரும் வெள்ளை வட்டம் போட்டார்கள். எட்டாத இடத்துக்கு ஆட்டுத் தொட்டிமேல் ஏறிக்கொண்டார்கள். முடித்துவிட்டுத் தெருவுக்கு நடுவே போய் நின்று பார்த்தபோது, தஹ்மீனா முதலில் வாயைத் திறந்தாள்.

"செவ்வந்தி, எல்லா வட்டத்துக்கும் பக்கத்துல ஒரு சோடா மூடி இருக்குடி."

இருந்தது. ஒரு சாண் தூரத்துக்குள். சிலவற்றில் விரல் தொடும் தூரத்தில். ஆறாம் மரம் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் அதில் யாரும் பேனர் வைத்ததில்லை. அதில் மூடியும் இல்லை, ஆணியும் இல்லை.

ஐந்தாம் மரத்தில் பத்து நாளைக்கு முன்னால்தான் ஒரு கல்யாணப் பேனர் அடித்திருந்தார்கள். பேனர் போய்விட்டது. ஆணி இருந்தது. அந்த ஆணிக்குக் கீழே பழுப்பாகச் சாறு வடிந்திருந்தது. செவ்வந்தி அருகே போய்ப் பார்த்தாள். மூடிக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு வண்டு உட்கார்ந்திருந்தது. செங்கல் நிறம். முகத்தில் யானைத் தும்பிக்கைபோல் நீளமான மூக்கு. அந்த மூக்கை ஆணி போன இடுக்குக்குள் விட்டு என்னவோ செய்துகொண்டிருந்தது.

அவள் அதை ஊறுகாய் பாட்டிலில் பிடித்து மூடினாள். பிறகு இரண்டாம் மரத்தில், ஓட்டையும் மூடியும் அதிகமாக இருந்த இடத்தில் காதை வைத்தாள்.

கறுக். கறுக். கறுக்.

யாரோ மரத்துக்குள் உட்கார்ந்து முறுக்கு தின்பதுபோல் இருந்தது.

தஹ்மீனாவும் காதை வைத்தாள். அவள் கண் பெரிதானது. இரண்டு பேரும் மரத்தின் இரண்டு பக்கத்திலும் காதை ஒட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று என்னவென்று கேட்டார். தஹ்மீனா, "போன் பேசுறோம் மாமா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இரவு பாயில் படுத்துக்கொண்டு செவ்வந்தி ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தாள். ஆணி குத்திய இடத்தில் சாறு வடிகிறது. சாற்றின் வாசத்துக்கு வண்டு வருகிறது. வண்டு முட்டை வைக்கிறது. புழு உள்ளே மரத்தைத் தின்கிறது. புழுவைத் தேடித்தான் மரங்கொத்தி வருகிறது. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை மாமா மரத்துக்கு முப்பத்திரண்டு ஆணி அடிக்கப்போகிறார். முப்பத்திரண்டு வண்டுகளுக்கு வாசல் திறந்துவிடப்போகிறார்.

வெள்ளிக்கிழமை மாலை அப்பா வீடியோவில் வந்தார். செவ்வந்தி ஒன்றாம் மரத்தைக் காட்டினாள். இரண்டைக் காட்டினாள். பிறகு போனை வானத்தைப் பார்த்துத் தூக்கி, நான்காம் மரத்தில் இறக்கினாள்.

"மூணு எங்கம்மா?"

"டவர் சரியில்லப்பா."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று செவ்வந்திக்குத் தெரிந்தது. "சரிம்மா, மிச்சத்தைக் காட்டு" என்றார்.

மிச்சம் ஐந்து.

சனிக்கிழமை மாமா வீட்டுக்குப் போனாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனாள். மாமா சீரியல் விளக்குகளின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் சிரித்தார்.

"இருவது வருசமா ஆணி அடிக்கிறேன். எந்த மரமாச்சும் வந்து, வீரையா வலிக்குதுன்னு சொல்லிருக்கா?"

செவ்வந்தி வண்டு இருந்த பாட்டிலை நீட்டினாள். மாமா வாங்கி, மூடியைத் திறந்து, கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். வண்டு விர்ரென்று கிளம்பி அவர் சட்டைக் காலருக்குள் புகுந்தது. மாமா சீரியல் விளக்குகளோடு சேர்ந்து குதித்தார். சட்டையைக் கழற்றி உதறியபோது வண்டு ஜன்னல் வழியாகப் பறந்துபோய்விட்டது. அவளிடம் இருந்த ஒரே சாட்சியும் போனது.

"போ, போய்ப் படிக்கிற வேலையப் பாரு" என்றார் மாமா, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு, மாமா மனம் நோகப் பேசக் கூடாது என்றார். அப்பா இல்லாத இந்த வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் தூக்கிவருவது யார், உனக்குக் காய்ச்சல் வந்தபோது மழையில் வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார் என்று கேட்டார்.

எல்லாம் மாமாதான். அது செவ்வந்திக்கும் தெரியும். அதனால்தான் அவளுக்கு அழுகையாக வந்தது. கெட்டவராக இருந்தால் சண்டை போடுவது எளிதாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மரம் ஏறும் பக்கிரி அண்ணன் வந்து, மொட்டையாக நின்ற மூன்றாம் மரத்தை வெட்டிச் சாய்த்தார். கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு டீ குடிக்க உட்கார்ந்தார். மாமா தகரக் கட்டோடு வந்தார். கை வேலைக்கு வசதியாக ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டார். நான்காம் மரத்தில் ஒரு தகரத்தை வைத்து அழுத்தி, ஓர் ஆணியை நிறுத்திச் சுத்தியலை ஓங்கினார்.

ஆணி இருந்த இடத்தில் ஒரு சின்னக் கை வந்து விழுந்தது.

மாமா ஓங்கிய கையை அப்படியே நிறுத்தினார். ஆணிகளைக் கவ்விய வாயோடு, "ம்ம்ம்?" என்றார்.

"அடிக்காதீங்க மாமா."

மாமா ஆணிகளைத் துப்பிக் கையில் வைத்துக்கொண்டார். "கையை எடு."

"எடுக்க மாட்டேன்."

"செவ்வந்தி, கையில பட்டா எலும்பு நொறுங்கிரும். எடு புள்ள."

"பட்டா படட்டும். எடுக்க மாட்டேன்."

தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செவ்வந்தி இவ்வளவு பேசி அவர்கள் கேட்டதில்லை. அம்மா வாசலுக்கு வந்து உள்ளே வரச்சொன்னார். செவ்வந்தி போகவில்லை. அவள் முதுகை மரத்தில் சாய்த்து, இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஐந்தாம் மரத்துக்கு நடந்தார். அங்கே தஹ்மீனா நின்றிருந்தாள். அவளும் கையை மரத்தில் வைத்திருந்தாள். மாமா அவளைக் கேட்டார்:

"உனக்கு என்னா வந்துச்சு?"

"நான் சும்மாதான் நிக்கிறேன் மாமா. கை மட்டும் இங்க இருக்கு."

குழாயடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமாவின் முகம் சிவந்தது. "மரம் அஞ்சு, ஆளு ரெண்டு. என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் ஒன்றாம் மரத்துக்குத் திரும்பினார்.

செவ்வந்தி ஓடலாம். ஓடினால் மாமா இங்கே திரும்பி வருவார். நாள் முழுக்க ஓடினாலும் ஏதாவது ஒரு மரத்தில் ஆணி இறங்கிவிடும். அவள் சுற்றிலும் பார்த்தாள். வெட்டிச் சாய்த்த மூன்றாம் மரம் வாய்க்கால் ஓரத்தில் கிடந்தது. அதன் உடம்பில் சோடா மூடிகள் வெயிலில் மின்னின. பக்கத்தில் பக்கிரி அண்ணனின் கோடாலி.

"மாமா," என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கொட்டகையில் ஆடுகள்கூடத் தலையைத் தூக்கின. "மூணாம் மரத்தைப் பொளந்து பாப்போம். உங்க மூடிக்குக் கீழ புழு இல்லன்னா, மிச்ச ஆணி எல்லாத்தையும் நானே எடுத்துக் குடுக்குறேன். நீங்க அடிங்க."

மாமா நின்றார். "இருந்தா?"

"இருந்தா, அடிச்ச ஆணி எல்லாத்தையும் நீங்க புடுங்கணும்."

இப்போது தெருவே மாமாவைப் பார்த்தது. பக்கிரி அண்ணன் டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "புள்ள கேக்குறது நியாயமாத்தான் இருக்கு" என்றார். மாமா சாய்ந்து கிடந்த மரத்தருகே போனார். ஓட்டை இருந்த இடங்களை எல்லாம் விட்டுவிட்டு, ஒரு மூடியைத் தேடிப் பிடித்தார். அதைச் சுற்றி மரங்கொத்தி கொத்தவே இல்லை. பட்டை வழவழப்பாக, நன்றாக இருந்தது.

"இத பொள" என்றார்.

அந்த இடத்தில் செவ்வந்தி காது வைத்துப் பார்த்ததில்லை. வேண்டாம், வேறு மூடி என்று சொல்லலாம். சொன்னால் மாமா சிரிப்பார்.

"பொளங்கண்ணே" என்றாள்.

கோடாலி இறங்கியது. பட்டை தெறித்தது. உள்ளே நல்ல நார். இரண்டாவது வெட்டு. அதிலும் ஒன்றுமில்லை. மாமா செவ்வந்தியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தஹ்மீனா கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது வெட்டில் மரம் இரண்டாகப் பிளந்து விழுந்தது.

ஆணியின் முனை நின்ற இடத்திலிருந்து ஒரு பாதை தொடங்கியது. விரல் நுழையும் அளவுக்கு அகலம். வளைந்து வளைந்து மேலே கொண்டையை நோக்கிப் போயிருந்தது. உள்ளே எல்லாம் மரத்தூளும் புளித்த நாற்றமும். பாதை நடுவே, கட்டைவிரல் பருமனில் ஒரு வெள்ளைப் புழு வெளிச்சம் பிடிக்காமல் நெளிந்தது.

தஹ்மீனா குனிந்து பார்த்துவிட்டு, "இது குருவி கண்ணுல இன்னும் படல" என்றாள்.

மாமா இன்னொரு மூடியைக் காட்டினார். அதன் கீழும் ஒரு பாதை. மூன்றாவதில் இரண்டு புழுக்கள் இருந்தன, நாரைச் சுற்றிச் செய்த கூடு ஒன்றும் இருந்தது. நான்காவது மூடியை அவர் காட்டவில்லை. தானே உட்கார்ந்து, சுத்தியலின் பின்பக்கத்தால் அதை நெம்பி எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது உன் பேனருக்கு அடிச்சது" என்றார் மெதுவாக. "காத்துல உன் மூஞ்சி கிழிஞ்சிரக் கூடாதுன்னு ஆறு ஆணி சேத்து அடிச்சேன்."

செவ்வந்தி மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "பேனர் கிழியல மாமா" என்றாள்.

மாமா மூக்கை உறிஞ்சினார். பிறகு எழுந்து, தகரக் கட்டைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, "டப்பா ஒண்ணு கொண்டா" என்றார்.

அன்று முழுவதும் அவர் ஆணி பிடுங்கினார். அடிக்கும்போது ஒரு நிமிடம் ஆன வேலை, பிடுங்கும்போது கால்மணி நேரம் ஆனது. செவ்வந்தி டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அம்மா வாய்க்கால் களிமண்ணில் வேப்பெண்ணெய் ஊற்றிப் பிசைந்து கொடுத்தார். தஹ்மீனா ஆணி வந்த ஓட்டைகளை அதை வைத்து அடைத்தாள். முடிவில் அவள் கை, மூக்கு, காது எல்லாம் வேப்பெண்ணெய் நாற்றம்.

இரண்டாம் மரத்துக்கு அது போதாது என்றார் பக்கிரி அண்ணன். மறுநாள் வேளாண் அலுவலகத்தில் கேட்டு மருந்து வாங்கிவந்து, கறுக் கறுக் கேட்ட இடத்தில் ஊற்றி அடைத்தார். பிழைக்குமா என்று செவ்வந்தி கேட்டாள். பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். அவள் தினமும் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அதில் காதை வைத்துப் பார்த்தாள். நான்காம் நாள் சத்தம் நின்றிருந்தது.

வெள்ளிக்கிழமை அப்பா வந்தபோது அவள் போனை வானத்துக்குத் தூக்கவில்லை. மூன்றாம் மரம் இருந்த இடத்தில் நின்ற அடிக்கட்டையைக் காட்டினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அப்பா கடைசியில், "மாமா என்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலப்பா. டப்பா நெறைய சோடா மூடி வச்சிருக்காரு. என்ன பண்றதுன்னு தெரியலன்னு சொல்றாரு."

அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, ஆறாம் மரத்தை இன்னொரு முறை காட்டச் சொன்னார். மெதுவாக.

பங்குனியில் கோயில் திருவிழா வந்தது. ஊரில் பேனர் வைக்காமல் திருவிழாவா? ஒரு காலையில் மாமா சுருட்டிய பேனரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இடுப்பில் வழக்கம்போல் சுத்தியல் இருந்தது. இரண்டாம் மரத்துக்கு முன்னால் நின்று, அண்ணாந்து உயரம் பார்த்தார். மரத்தின் உச்சியில் புதிதாக ஒரு குருத்து வந்திருந்தது.

செவ்வந்தி வாசலிலிருந்து பார்த்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த இட்லியை வைத்துவிட்டு இறங்கி வந்தாள். மரத்தில் கையை வைத்தாள்.

மாமா அவளைப் பார்த்தார். பேனருக்கு உள்ளேயிருந்து புதுத் தேங்காய்நார்க் கயிறு ஒன்றை உருவி எடுத்துக் காட்டினார்.

"நம்பலையா நீ? கயிறுதான் கட்டப்போறேன். கையை எடு."

"நீங்க கட்டுங்க மாமா."

மாமா முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, அவள் கைக்கு ஒரு சாண் மேலே இறுக்கினார். கொஞ்ச தூரத்தில், ஐந்தாம் மரத்தில், மரங்கொத்தி டொக் டொக்கென்று இரண்டு தட்டு தட்டிப் பார்த்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் பறந்துபோனது.

கடைசி முடிச்சு விழும்வரை செவ்வந்தி கையை எடுக்கவில்லை.